தானாகச் சுரந்த பால்

பிட்யூட்டரி என்றதும் பெரிய சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், எலும்பில் ஒரு சின்னக் குழி. அதற்குள் கொண்டைக்கடலை அளவுக்கு உட்கார்ந்திருக்கிற சுரப்பி அது. எலிக்கு என்றால் இன்னும் சின்னது. அதைப் பிரித்து, செல் செல்லாகத் தட்டில் பரப்பி, ஒரே ஒரு செல்லின் மேல் கண்ணாடிக் குழாயின் நுனியை ஒட்டவைத்து, அதற்குள் நடக்கும் மின்சாரத்தை அளப்பதுதான் என் பிழைப்பு. அடையாறு தாண்டி ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கல்யாண வீடுகளில் "நீ என்னம்மா பண்றே?" என்று கேட்கிறவர்களிடம் "எலி டாக்டர்" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, எனக்கும் சௌகரியம்.

அந்தச் சுரப்பியில் பல வகைச் செல்கள் உண்டு. பெரும்பாலானவை மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பவை. மூளை 'விடு' என்றால்தான் ஹார்மோனை விடும். தாய்க்குப் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினைச் செய்கிற செல் மட்டும் வேறு ரகம். அதன் தோலில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் இருக்கின்றன. அயனிக் கால்வாய்கள் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். வாசல் என்று சொன்னால் போதும். அவை தாமாகவே திறந்துகொள்ளும். கால்சியம் உள்ளே நுழையும். நுழைந்ததும், சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் வெளியே கொட்டும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூளைக்கு இங்கே ஒரே வேலை, அதை அடக்கி வைப்பது. டோபமைன் என்கிற ரசாயனத்தை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அது போய் வேறொரு வாசலைத் திறந்துவிடும். அந்த வழியாகப் பொட்டாசியம் வெளியேறிக்கொண்டிருக்கிறவரை செல் வாயைத் திறக்காது. பிள்ளை பெற்றவள் பால் கொடுக்கும்போது மட்டும் மூளை அந்தப் பிடியைத் தளர்த்தும்.

இத்தனையையும் நான் பல வருடங்களாகப் பிறருக்குப் பாடம் எடுத்து வந்திருக்கிறேன். என் வீட்டிலேயே அது நடந்துகொண்டிருந்தபோது எனக்குத் தெரியாது.

வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், இரண்டாம் மாடி ஃப்ளாட். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவும் என் தங்கையும் மட்டும். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தங்கை ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். நான் மந்தைவெளியில் தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டு இருந்தேன். கூப்பிடு தூரம்தான். பிரிந்து வந்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை, அந்த மூன்று நாள்.

மாதவிலக்கு ஆனால் எங்கள் வீட்டில் தனியே உட்கார வேண்டும். பால்கனியை ஒட்டிய சின்ன அறையில் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். சாமி அறைப் பக்கமும் சமையலறைப் பக்கமும் வரக் கூடாது. யாரையும் தொடக் கூடாது. காபியை அம்மா தரையில் வைத்துத் தள்ளிவிடுவாள், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்திலுமா என்று மூக்கில் விரல் வைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஆமாம், இந்தக் காலத்திலும்தான். வாசலில் சாப்பாடு கொண்டுவருகிற ஆப்காரன் நிற்பான், உள்ளே பாயும் விரித்திருக்கும். லேப்டாப்புக்கு மட்டும் அம்மா விலக்குக் கொடுத்திருந்தாள். அது சமையலறைக்குள் வராது பாருங்கள், அதனால்!

நான் கத்திப் பார்த்தேன், சண்டை போட்டேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தங்கை சண்டை போடுகிற ஜாதி இல்லை. "மூணு நாள்தானேக்கா, யாரும் வேலை ஏவ மாட்டா, நிம்மதியா இருக்கேன்" என்று சிரிப்பாள். அவள் சிரித்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையன் வீடு அபிராமபுரத்தில். முகூர்த்த நாள் பார்க்கும்போது பெண்ணின் மாதாந்தரக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மணையில் உட்காரும் நாளில் 'அது' வந்துவிடக் கூடாதே. அம்மா கணக்கு டீச்சர் அல்லவா, காலண்டரை விரித்து, தங்கை உட்கார்ந்த தேதிகளை வைத்துக்கொண்டு, புரோகிதம் செய்கிற வாத்தியாரிடம் நாள் குறித்து வாங்கினாள். தங்கையின் தேதிகள் பிசகவே பிசகாது என்று அவளுக்குப் பெருமை. "உன்னை மாதிரியா? அவளைப் பார்த்துக் கத்துக்கோ" என்று இதற்குக்கூட என்னை இடித்துக் காட்டினாள்.

புடவை எடுக்க நானும் தங்கையும் தி.நகருக்குப் போய்த் திரும்பிய ஒரு சாயங்காலம். மாட வீதியில் ஆட்டோவை விட்டு இறங்கி, பூ வாங்கிக்கொண்டு நடந்தோம். அவள் தெருவுக்குள் திரும்பும்போது பக்கத்திலிருந்து வந்த ஸ்கூட்டரின் மேல் நேராகப் போய் விழப் பார்த்தாள். ஓட்டி வந்தவர் பிரேக் போட்டுக் காலை ஊன்றி நின்று, "இன்னாம்மா, கண்ணு தெரில? இம்மாம் பெரிய வண்டி வந்துகினு கீது!" என்று சத்தம் போட்டார். நானும் என் பங்குக்குத் திட்டினேன். கல்யாணக் கனவில் நடக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் நடைபாதையில் வைத்திருந்த பூசணிக்காய்க் கூடையில் தோளால் இடித்தாள். கூடைக்காரம்மா எதுவும் சொல்லவில்லை. தங்கைதான் முகம் வெளுத்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

அடுத்த வாரம் நான் வீட்டுக்குப் போனபோது அவள் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள். "ஆத்துல இல்லைடி அவ, தொடாதே" என்று, விலக்கைச் சொல்லும் எங்கள் வீட்டு வழக்கப்படி, அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். அதற்காகவே நான் நேராக உள்ளே போய்ப் பாயில் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். லேப்டாப் மூடியிருந்தது. நெற்றியில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். தலைவலி என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அவள் வேறொன்று கேட்டாள்.

"அக்கா, நீ லேப்ல பார்க்கறியே ஒரு செல்லு, பால் சுரக்கறதுக்குன்னு. அது கல்யாணம் ஆகாதவாளுக்கும் சுரக்குமா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் பாடம் எடுத்திருப்பேன். அவள் கேட்ட விதத்தில், கேள்வியிலேயே பதில் இருந்தது. கதவை ஒருக்களித்துவிட்டு, "எப்போலேர்ந்து?" என்றேன்.

அவள் அழவில்லை. தணிந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாதவிலக்கு நின்றே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணப் பேச்சு நடக்கிற சமயம், டாக்டரிடம் போனால் செய்தி எப்படியும் பையன் வீட்டுக்குப் போகும், பிள்ளை பிறக்குமா பிறக்காதா என்று பேச்சு கிளம்பும். அதனால் மாதாமாதம் பழைய தேதியில் தானாகவே போய் உட்கார்ந்திருக்கிறாள். நாப்கின் வாங்கி, பிரித்து, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டிருக்கிறாள். அம்மா குறித்து வைத்த தேதிகள் பிசகாமல் இருந்ததன் ரகசியம் இதுதான். அப்புறம் சில மாதங்களாக ரவிக்கையில் ஈரம். முதலில் வேர்வை என்று நினைத்திருக்கிறாள். அழுத்திப் பார்த்தபோது பால்.

"யாரும் என்னைத் தொட்டதே இல்லைக்கா. நீயாவது நம்புவியா?"

"அடி அசடே, இதில் நம்ப என்ன இருக்கு" என்று அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டேன். "என்கிட்ட ஏன்டி முன்னாடியே சொல்லலை?" என்றதற்கு, "உன்கிட்ட சொன்னா நீ அம்மாவோட சண்டைக்குப் போவே, எல்லாம் வெளியில வந்துடும்" என்றாள்.

பக்கவாட்டில் கண் தெரிகிறதா என்று விரலை ஆட்டிப் பார்த்தேன். நேராகப் பார்த்தபடி இருக்கச் சொல்லி, காதோரத்திலிருந்து விரலை முன்னால் கொண்டுவந்தேன். விரல் முகத்துக்கு எதிரே வரும்வரை அவள் 'தெரியறது' என்று சொல்லவே இல்லை. இரண்டு பக்கமும் அப்படித்தான். கண்ணிலிருந்து போகிற நரம்புகள் குறுக்கே கடக்கிற இடம் அந்தச் சுரப்பிக்கு நேர் மேலே இருக்கிறது. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் முதலில் மாட்டிக்கொள்வது அதுதான். ஸ்கூட்டர்க்காரர் கேட்டது நியாயமான கேள்வி என்று அப்போதுதான் உறைத்தது.

கதவு திறந்தது. அம்மா காபித் தம்ளருடன் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவளுக்குக் கேட்டது பாலும், நின்றுபோன மாதவிலக்கும் மட்டும்தான். தம்ளரை அலமாரியின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு, அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை.

"யாருடி?"

தங்கைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"அம்மா, வாயை மூடு" என்றேன்.

"நீ பேசாதே. இவ்வளவு நாளும் ஒக்காந்துண்டு நாடகம் ஆடினியா? எத்தனை மாசம்? சொல்லு, எத்தனை மாசம்?" அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. "யாருன்னு கேக்கறேன்!"

தங்கை எழுந்தாள். "அம்மா, அப்படி இல்லைம்மா" என்று தடுமாறிக்கொண்டே, அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அம்மா பின்னால் நகர்ந்தாள். தொடாதே என்று கையை உயர்த்தினாள். தங்கைக்கு விலக்கே இல்லை, உட்கார்ந்தது அத்தனையும் பொய் என்று தெரிந்துகொண்ட பிறகும் நகர்ந்தாள். பழக்கமா, அருவருப்பா? நானும் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், இன்றுவரை தெரியாது. நீட்டிய கை அப்படியே நின்றது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நான் என்னென்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பக்கத்து ஃப்ளாட் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. அன்றைக்கே தங்கையை மந்தைவெளிக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து ஆஸ்பத்திரி. ரத்தத்தில் புரோலாக்டின் இருக்க வேண்டிய அளவை எங்கேயோ தாண்டியிருந்தது. ஸ்கேனில் அந்தக் கொண்டைக்கடலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நெல்லிக்காய் தெரிந்தது. கண் பரிசோதனைதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. குழிந்த வெள்ளைத் திரைக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மெஷின் வேலை செய்யும் சத்தம் எனக்குக் கேட்டது, அவள் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். பாவம், பரீட்சையில் எதையும் விட்டுவைக்காத பெண். முடிந்ததும் என்னிடம் திரும்பி, "கொஞ்சம்தான் புள்ளி வந்தது, இல்லைக்கா?" என்றாள்.

டாக்டர் அம்மாள் நிதானமானவர். இது புற்றுநோய் இல்லை, உடனே தலையைத் திறக்கவும் வேண்டாம், முதலில் மாத்திரை என்றார். வாரத்துக்கு இரண்டு முறை. மூளை அனுப்புகிற டோபமைன் செய்கிற அதே வேலையை அந்த மாத்திரை செய்யும். செல்லை அடக்கும், கட்டியும் சுருங்கும். "பால் நின்னுடும், பீரியட்ஸ் வந்துடும். பார்வையைப் பத்திதான் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நரம்பு ரொம்ப நாளா நசுங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். தங்கை தலையை ஆட்டினாள். நான் மட்டும், சத்தம் போட யாராவது கிடைப்பார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன்.

முதல் மாத்திரை போட்ட அன்று வாந்தி, மயக்கம். அடுத்தடுத்த வாரங்களில் பழகிவிட்டது. ஈரம் நின்றது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு ஓரத்திலும் விரிந்தது. "அக்கா, உன் காதுல போட்டிருக்கற தோடு இங்கேர்ந்தே தெரியறது" என்று ஒருநாள் காலை இட்லி தின்றுகொண்டே சொன்னாள். நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அம்மா தினமும் போன் செய்தாள். எனக்குத்தான், அவளுக்கில்லை. "சாப்பிட்டாளா?" என்பாள். "ம்" என்பேன். வைத்துவிடுவாள். நான் விளக்கிச் சொல்லியிருந்தேன். கட்டி, செல், மாத்திரை எல்லாம். கேட்டுக்கொள்வாளே தவிர, மனசில் ஒட்டியதா என்று தெரியாது. ஒருநாள், "நீ பண்ற வேலையை நான் பார்க்கணும்" என்றாள். எலி என்றால் காதைப் பொத்திக்கொள்கிறவள்!

அழைத்துக்கொண்டு போனேன். குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கோவிலுக்குப் போகிறவளைப் போலக் கிளம்பியிருந்தாள். எங்கள் ஆய்வுக்கூடத்தின் அந்த அறை எப்போதும் குளிரும் இருட்டும். முக்காலியில் உட்காரவைத்தேன். நுண்ணோக்கி வழியாக அந்த ஒற்றைச் செல்லைக் காட்டினேன். குழாய் ஒட்டியதும் ஸ்பீக்கரைப் போட்டேன். டப், டப், டப் என்று சத்தம் வந்தது. செல்லின் வாசல்கள் திறந்து மூடுகிற ஒவ்வொரு துடிப்பும் அதில் கேட்கும்.

"இதுதாம்மா அந்தச் செல்லு. ஒவ்வொரு தடவை அடிக்கறச்சேயும் ஹார்மோனை வெளியில விடறது" என்றேன்.

அம்மா கவனமாகக் கேட்டாள். "யார் சொல்லி அடிக்கறது?"

"யாரும் சொல்லலைம்மா. அதுவா அடிக்கறது. அதோட சுபாவம் அது."

டோபமைன் கலந்த நீரை விட்டேன். சத்தம் தளர்ந்து நின்றது. பிறகு அதைக் கழுவிவிட்டேன். சிறிது நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு டப். இன்னொரு டப். பழையபடி தொடங்கிவிட்டது. நான் ஆயிரம் தடவை கேட்ட சத்தம், அன்றைக்கு என் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்கும்போது எனக்கே புதிதாக இருந்தது.

"அப்போ யாருமே காரணமில்லை" என்றாள் அம்மா.

"யாருமே இல்லை."

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் போய் அந்தக் குழந்தையைப் பார்த்து யாருன்னு கேட்டேனேடி" என்று சொன்னாள். தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனாலும் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணம் நின்றுபோனது. பையனிடம் தங்கையே போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் நல்லவிதமாகத்தான் பேசினான். இரண்டு நாள் கழித்து அவன் வீட்டார் ஜாதகத்தில் ஏதோ இடறுகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். நிச்சயத்தின்போது பத்துப் பொருத்தமும் பிரமாதமாக இருந்த ஜாதகம், மாத்திரை போட ஆரம்பித்ததும் கிரகம் மாறிவிட்டது போலும்! நான் பொரிந்து தள்ளினேன். தங்கை, "விடுக்கா, எடுத்த புடவை எனக்குப் பிடிச்சுதான் எடுத்தோம், கட்டிண்டு ஆபீஸுக்குப் போறேன்" என்றாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவள் மயிலாப்பூருக்குத் திரும்பினாள். நான்தான் கூடாது என்றேன். "அம்மா தனியா இருக்காக்கா" என்றாள், அவ்வளவுதான். அதற்குள் கண் பரிசோதனை மறுபடியும் செய்தாகிவிட்டது. வலது கண்ணில் முழுவதும் திரும்பிவிட்டது. இடது கண்ணின் வெளி ஓரம் மட்டும் திரும்பவில்லை. அது இனி வராது என்று டாக்டர் அம்மாள் பக்குவமாகச் சொன்னார். இடப்பக்கத்திலிருந்து வருகிற எதுவும் அவளுக்குக் கடைசி நிமிஷம்வரை தெரியாது. தெருவைக் கடக்கும்போது தலையை முழுவதும் திருப்பிப் பார்த்துப் பழகிக்கொண்டாள். அந்த ஓரம் எதனால் போயிற்று என்று எங்கள் மூவருக்கும் தெரியும். தள்ளிப்போட்ட மாதங்களால் போயிற்று. பாயில் உட்கார்ந்து கழித்த மாதங்களால்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் அங்கே போயிருந்தேன். அம்மா குளித்துவிட்டு ஈரத் தலையோடு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். தங்கை குளியலறையிலிருந்து வெளியே வந்து, கூடத்தின் நடுவில் நின்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், சாதாரணமாக, வாசலில் பால் பாக்கெட் வந்துவிட்டது என்று சொல்வதைப் போல.

"அக்கா, எனக்கு வந்துடுத்து. நிஜமாவே."

நான் எழுந்திருப்பதற்குள் அம்மா சாமி அறையிலிருந்து ஓடிவந்தாள். கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது. இடப்பக்கத்திலிருந்து வந்ததால் தங்கைக்குத் தெரியவில்லை. அம்மாவின் கைகள் தன்மேல் விழுந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரென்று தெரிந்ததும் அசையாமல் நின்றாள். அம்மா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வந்துடுத்தாடி, வந்துடுத்தா, பெருமாளே" என்று கன்னத்திலும் தலையிலும் மாறி மாறித் தடவினாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குளித்த உடம்பு, வெள்ளிக்கிழமை, பூஜை, எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. விவரம் தெரிந்த நாளாக நான் பார்த்ததில்லை, எங்கள் வீட்டில் அந்த நாளில் அம்மா எங்களில் ஒருத்தியைத் தொட்டு.

தங்கையின் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் அம்மாவைத் திருப்பி அணைக்கவில்லை, தள்ளவும் இல்லை. அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கோபம் இல்லாத குரலில்தான் சொன்னாள்.

"அன்னிக்குத் தொட்டிருக்கலாமேம்மா."

அம்மா கையை எடுக்கவில்லை.